கூடையில் போட்டு வைத்தவர்

அந்தச் சனிக்கிழமை எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், தங்கச்சி, அப்பா, சீனி கேட்டு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்ட பக்கத்துக் காம்பரா செல்வி அக்கா, அப்புறம் அவர். அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போயிருந்தார். வேறு ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பஸ்ஸில் அந்தக் கூத்து நடந்த பிறகு எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் பாதிப் பேர், "அன்னைக்கு நாங்களும் அங்கதான் இருந்தோம்" என்று கதை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் காம்பராவில் ஐந்து பேர் உட்கார்ந்தால் ஆறாவது ஆள் கட்டில்மேல் ஏற வேண்டும். அத்தனை பேருக்கு எங்கே இடம்?

இந்தக் கேள்வியை அவரிடம் கேட்க முடியாது. "எடம் இல்லேன்னு ஒன்னு கெடையாது மாப்ள. நம்ம கிட்ட இல்ல, அம்புட்டுதான்" என்பார்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். சம்பளச் சீட்டில் எழுதியிருப்பார்கள். ஆனால் அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டம் முழுக்க அவரை மாமா என்றுதான் கூப்பிட்டோம். மாமா முறை வராதவர்களும் அப்படித்தான், அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். தொழிற்சாலையில் தேயிலை மூட்டை அடுக்குகிற வேலை. லொறி நிறைந்துவிட்டது, இன்னும் இரண்டு மூட்டை மிச்சம் என்று டிரைவர் கையை விரித்தால் மாமா ஏறிப் பார்ப்பார். நடுவில் ஒன்றைக் குறுக்கே திருப்புவார். ஓரத்தில் ஒன்றை நெஞ்சால் தள்ளுவார். இரண்டு மூட்டையும் ஏறிவிடும். சில நாட்களில் மூட்டையோடு மூட்டையாக அவரும் ஏறி டவுனுக்குப் போய்விடுவார்.

வேலை முடிந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்காது. எந்த வீட்டிலாவது நெருக்கடி என்று கேள்விப்பட்டால் கூப்பிடாமலே வந்து நிற்பார். ஆனால் ஒரு பழைய போத்தலைக்கூட வீச விடமாட்டார். இந்த வீட்டில் கூடிப்போனதை அந்த வீட்டில் கொண்டுபோய் வைப்பார். அந்த வீட்டில் கூடிப்போனது எங்கே போகும் என்று யோசித்து எனக்குத்தான் தலை வலிக்கும்.

எங்கள் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குக் கந்தப்பளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேனில் வருவதாகச் சொல்லி மூன்று வேனில் வந்து இறங்கினார்கள். சித்தப்பாவுக்கு முகம் வெளுத்துப் போயிற்று. மாமா வாசலில் நின்று ஆட்களை மூட்டை பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தார். தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லோரையும் பிரித்து அனுப்பிவிட்டார். பெண்கள் மேல் லயத்துக்கு. இளவட்டங்கள் கோயில் மண்டபத்துக்கு. மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் பெரிய உடம்பு. வேலைக்குப் போகிற அம்மாமார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற புள்ளக்காம்பராவில் அவரைப் படுக்கவைத்தார். படுக்கவைத்ததை மறந்தும் போனார். திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்த ஆயா, தொட்டில்களுக்கு நடுவே குறட்டை விட்டுக்கொண்டு கிடந்த ஆளைப் பார்த்துப் போட்ட சத்தம் தொழிற்சாலை வரைக்கும் கேட்டதாம். மாமாவுக்கு ஆயாமேல்தான் கோபம். "நல்லா தூங்குற மனுசன எதுக்கு எழுப்பி விட்டீங்க?" என்று கேட்டார்.

செல்வி அக்காவின் வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார். அவர் அனுப்பிய பணத்தில் அக்கா ஓர் அலுமாரி வாங்கினார். அது அவர்கள் வாசலில் நுழையவில்லை. மாமா அதைத் தூக்கி எங்கள் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் நிறுத்தினார். "ரெண்டு நாளைக்குத்தான் மச்சான்" என்று அப்பாவிடம் சொன்னார். அலுமாரி இரண்டு வருஷம் நின்றது. அக்காவின் சேலையெல்லாம் அதற்குள். காலையும் மாலையும் சேலை எடுக்க வருவார். எங்கள் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கும் யாருக்கும் சண்டை, எனக்கு எந்த ஊரில் பெண் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் எங்களுக்கு முன்பே லயத்துக்குத் தெரிந்துவிடும்.

எல்லாமே சிரிப்பாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்துக்கு மட்டும் என்று அவர் வாங்கிக்கொண்டு போன என் சைக்கிளை, மறு வருஷம் ஹட்டனில் யாரோ ஓட்டிக்கொண்டு போவதைக் கண்டேன். கூப்பிடப் பயமாக இருந்தது. ஒருவேளை அது என் சைக்கிள் இல்லையென்றால்? மாமாவிடம் சொன்னேன். "ஓடுதா? அப்ப நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இன்னொன்றும் உண்டு. அவருக்கு மூன்று பிள்ளைகள். கடைசி மகளை, காம்பராவில் இடம் போதவில்லை என்று நானுஓயாவில் தன் தங்கச்சி வீட்டில் கொஞ்ச நாளைக்கு விட்டார். அவள் அங்கேயே வளர்ந்துவிட்டாள். தைப்பொங்கலுக்கு வருவாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமா?" என்று கேட்பாள். அந்த நாட்களில் மாமா யார் வீட்டிலும் எதையும் நகர்த்த மாட்டார். தன் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்திருப்பார்.

எங்கள் கம்ப்யூட்டர் நிறைந்துபோனதற்கும் அவர்தான் காரணம். அப்பா வேலையிலிருந்து நின்றபோது வந்த சேவைக்காலப் பணத்தில், தங்கச்சி படிக்கட்டும் என்று ஹட்டனில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அந்தப் பெட்டியைத் தூசி தட்டக்கூடத் தங்கச்சியைத்தான் கூப்பிடுவேன். மாமா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்குள்ள எம்புட்டு எடம் இருக்கு பாப்பா?"

தங்கச்சி ஏதோ ஜீபி கணக்குச் சொன்னாள்.

"அது கெடக்கட்டும். நெறையவா, கொஞ்சமா?"

"நெறைய மாமா."

அந்த ஒரு சொல்லை அவர் லயம் முழுக்கக் கொண்டுபோனார். பொழுது சாய்வதற்குள், போன் நிறைந்துபோய் போட்டோ எடுக்க முடியாமல் தவித்தவர்கள் எல்லாம் எங்கள் வாசலில் நின்றார்கள். கல்யாணம், பெண் பிள்ளைகளின் சடங்கு, கோயில் தேர், எல்லாம் எங்கள் பெட்டிக்குள் போயின. சாவு வீடும் போயிற்று. கத்தாரிலும் குவைத்திலும் இருக்கிற பிள்ளைகளால் வர முடியாது என்பதால், தப்பு மேளம் அடிப்பதிலிருந்து மண் போடுவது வரைக்கும் யாராவது போனில் எடுத்து வைப்பார்கள். அதை ஒரு தடவைக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அழிக்கவும் விடமாட்டார்கள். எனக்கும் பயம்தான். அழிக்கவா என்று அந்தப் பெட்டி கேட்கும். ஆம் என்று அமத்தினால், செத்தவரை நாமே இரண்டாவது தடவையும் தூக்கியது போல ஆகிவிடாதா?

மாமா பின்னேரங்களில் வந்து மவுஸைப் பிடித்துக்கொண்டு அவற்றை இங்கிருந்து அங்கே இழுத்து வைப்பார். மூட்டை அடுக்குகிறவருக்கு அது பிடித்துப்போயிருந்தது.

இந்த நிலையில்தான் தங்கச்சிக்கு ஒரு வேலை வந்தது. கொழும்பில் ஒரு ஸ்டுடியோ. அவர்கள் அனுப்புகிற கல்யாணப் போட்டோக்களை வீட்டிலிருந்தே ஆல்பமாகச் செய்து அனுப்ப வேண்டும். முதல் கல்யாணம் சோதனைக்கு. நன்றாகச் செய்தால் தொடர்ந்து வேலை கொடுப்பார்கள். இல்லையென்றால் அவள் பெரியம்மா மகளோடு கொழும்புக்குப் போய்த் துணிக்கடையில் நிற்பது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். காலையில் போனால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். படுப்பதற்கு யார் வீட்டு மூலையோ. என் கவலை முழுக்க அதுதான். திங்கட்கிழமை காலைக்குள் போட்டோக்களை நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஸ்டுடியோக்காரர் சொல்லியிருந்தார். இறக்கப் போனால் இடமில்லை என்றது பெட்டி. எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டுகிற கோடு இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் சிவந்து கிடந்தது.

அந்தச் சனிக்கிழமை அதன் முன்னால்தான் நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"மொதல்ல இந்தக் கூடைய கொட்டிட்டா பாதி எடம் வந்துரும்" என்றாள் தங்கச்சி. திரையின் மூலையில் கூடை மாதிரி ஒரு படம் இருக்கும், வேண்டாததைப் போடுவதற்கு. அதற்குள் அவ்வளவு வீடியோ எப்படி வந்தது என்று அவளுக்கே புரியவில்லை.

"கூடைய தொடாத பாப்பா" என்றார் மாமா.

"ஏன் மாமா? அது குப்பதான?"

"குப்பன்னு யாரு சொன்னா? லயத்துல பத்திரமா வைங்கன்னு குடுத்தது பூரா அதுக்குள்ளதான் போட்டு வச்சிருக்கேன்."

தங்கச்சி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அதில் ஏதோ போட்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கூடையில போயி யாராச்சும் பத்திரமா வைப்பாங்களா மாமா?"

"பின்ன வேற எதுல வைக்கிறது? ஒங்கம்மா காலையில இருந்து மலையில நின்னு பறிக்கிறத எதுல போடுறா? கூடையில இருக்கறதத்தான நிறுக்குறாங்க. அதுக்குத்தான பேரு போடுறாங்க. கீழ கெடக்கறதுக்கு அரப் பேராச்சும் குடுப்பாங்களா?"

பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் சம்பளம். அவர் சொல்வதுதான் சரி என்று எனக்கும் பட்டது. குப்பைக்கு எங்கள் தோட்டத்தில் யார் கூடை வைத்திருக்கிறார்கள்? கிழிந்த உரப்பைதான்.

தங்கச்சி மெதுவாகச் சொன்னாள்: "அந்தக் கூடை நெறஞ்சு போனா, அடியில கெடக்குற பழசு தானா போயிரும் மாமா. நம்மள கேக்காது."

செல்வி அக்கா சீனிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எம்மகளோட சடங்கு இருக்கா பாரு தங்கச்சி. ஒங்க அத்தான் லீவுக்கு வந்து பாக்கணும்னு இருக்காரு."

தங்கச்சி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். சடங்கு இருந்தது. தேர் இருந்தது. சாவு வீடுகள் எல்லாம் ஆளோடு பேரோடு இருந்தன. காணாமல் போனது ஒரே ஒரு கல்யாணம், கீழ் லயத்து லொறி டிரைவர் தம்பியுடையது.

"அதுவா" என்றார் செல்வி அக்கா. "அதுங்கதான் போன வருசமே பிரிஞ்சிருச்சே."

மாமாவுக்கு உயிர் திரும்பி வந்தது. "பாத்தீங்களா, கூடைக்கும் வெவரம் தெரிஞ்சிருக்கு."

"அந்தத் தம்பி கேட்டு வந்தா என்னா சொல்றது மாமா?" என்றேன்.

"அடுத்த கல்யாணத்து வீடியோவ குடுப்போம் மாப்ள. மாப்பிள்ள அதே ஆளுதான, பொண்ணு மட்டுந்தான வேற."

அப்பாவும் செல்வி அக்காவும் சிரித்தார்கள். தங்கச்சி சிரிக்கவில்லை. "ஒங்களுக்கெல்லாம் வெளையாட்டா இருக்கு. எதையாச்சும் அழிச்சாத்தான் எடம் வரும். இல்லேன்னா திங்கக்கெழம நான் பொட்டி கட்ட வேண்டியதுதான்" என்றாள்.

மாமா அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், நிறைந்த லொறியைப் பார்ப்பது போல. "எடம் இல்லேன்னு ஒரு புள்ளய அனுப்பக் கூடாது" என்றார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. எழுந்து, கதவில் தொங்கிய அப்பாவின் குடையை எடுத்துக்கொண்டு ஹட்டன் பஸ்ஸுக்கு நடந்தார்.

பொழுது போகிற நேரத்தில் நனைந்து வந்து சேர்ந்தார். டவுனில் போன் கடை நானாவிடம் மூன்று மெமரி சிப் வாங்கியிருந்தார். மேல் சட்டைப் பையில் பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, அதன்மேல் கையை வைத்து அமத்திக்கொண்டே வந்திருக்கிறார்.

"இதுல கொஞ்சந்தான் புடிக்கும் மாமா" என்றாள் தங்கச்சி.

"சிப்புல வைக்கவா வாங்கினேன்? இது கூடை. இங்க நெறப்பி அங்க கொட்டிட்டு வருவேன்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதுதான் நடந்தது. தங்கச்சி ஒரு சிப்பை நிரப்பிக் கொடுப்பாள். அவர் குடையை விரித்துக்கொண்டு ஓடுவார். யார் போனில் இடம் இருக்கிறது, யார் வீட்டு டிவியில் பென் டிரைவ் சொருகலாம், பூசாரியின் போனில் எவ்வளவு காலி என்று அவருக்குத்தான் தெரியும். அடுத்த சிப் நிறைவதற்குள் முதல் சிப்பைக் காலியாக்கிக்கொண்டு வந்துவிடுவார். நான் வயருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மழைக்குக் கரண்ட் போய்விடுமோ என்று ஒரு பயம். பாதியில் போனால் பாதிச் சாவு வீடு இங்கேயும் பாதி அங்கேயுமாக நின்றுவிடுமோ என்று இன்னொரு பயம். அங்கே போய்ச் சேர்ந்து, அங்கே ஓடுகிறது என்று மாமா வந்து சொல்லும்வரை இங்கே ஒன்றையும் அழிக்க விடவில்லை. தங்கச்சி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கோடு நீலமாகிவிட்டது. பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடந்தது. அன்று ராத்திரியே போட்டோக்கள் இறங்கத் தொடங்கின. யாரோ முகம் தெரியாத பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கள் காம்பராவுக்குள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

பஸ் கதை அதற்கு அடுத்த வாரம். ஹட்டனிலிருந்து சாமான் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். டிரைவருக்குப் பின்னால் தொங்குகிற டிவியில் எப்போதும் பாட்டுத்தான் போகும். தலவாக்கலை தாண்டியதும் பாட்டு நின்று, செல்வி அக்காவின் முகம் வந்தது. பட்டுச் சேலையும் பூவுமாக, சீர்த்தட்டுகளுக்கு முன்னால் நின்றார். வீடியோ எடுக்கிற பெண்ணைக் கிட்டே கூப்பிட்டு, ஒரு சேலையை விரித்துத் தூக்கிப் பிடித்தார்.

"இங்க பாருடி, எங்க நாத்தனா குடுத்த சீலைய. இந்தப் பக்கம் நின்னா அந்தப் பக்கம் மல தெரியுது. சன்னலுக்குக் கொசு வலையா கட்டிக்கலாம்."

பஸ்ஸே சிரித்தது. முன் சீட்டில் மடியில் ஒரு கோவா முட்டைக்கோசை வைத்துக்கொண்டு ஓர் ஆள் மட்டும் சிரிக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேல் லயத்தில் இருக்கிற அந்த நாத்தனார்தான். நான் சாமான் பைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். கண்டக்டர் நிறுத்தப் போனார். "இருக்கட்டும் தம்பி, பாட்டத்தான் தெனமும் பாக்குறோமே" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. லிந்துலை வரும்வரை சடங்கு ஓடியது.

நாத்தனார் பஸ்ஸை விட்டு இறங்கித் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே செல்வி அக்காவின் வாசலுக்கு வந்தார். பேசியதையெல்லாம் எழுத முடியாது. மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

"பஸ்ல போயி எதுக்கு மாமா வச்சீங்க?" என்று அழுதார் செல்வி அக்கா.

"நீதான ரெண்டு மூணு எடத்துல பத்திரமா வைக்கச் சொன்ன? ஒன் போன்ல ஒன்னு வச்சேன். கண்டக்டர் தம்பியோட பென் பாதி காலியா இருந்துச்சு, அதுல ஒன்னு வச்சேன்."

"நான் பேசுனது அதுல இருக்குன்னு சொல்லக் கூடாதா?"

"ஒன் வாய்க்குள்ளயே எடம் இல்லாமத்தான வெளிய விட்ட? பஸ்ஸ குத்தம் சொல்ற."

நாத்தனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை மறைக்க இன்னும் கொஞ்சம் ஏசிவிட்டுப் போனார். அந்த வருஷத் தீபாவளிக்குச் செல்வி அக்காவுக்கு ஒரு சேலை கொடுத்தார். கம்பளி மாதிரி இருந்தது. "இதுக்குள்ள கொசு வராது அண்ணி" என்று சொல்லிக் கொடுத்தாராம்.

தங்கச்சியின் ஆல்பம் ஸ்டுடியோக்காரருக்குப் பிடித்துப்போயிற்று. மணப்பெண்ணின் தாயை எல்லாப் பக்கத்திலும் கொஞ்சம் ஒல்லியாக்கியிருந்தாள், அதற்காகவே அந்த வீட்டார் சந்தோஷப்பட்டார்களாம். அடுத்த கல்யாணமும் வந்தது, அதற்கு அடுத்ததும். பெரியம்மா மகள் தனியாகத்தான் கொழும்புக்கு பஸ் ஏறினாள்.

முதல் சம்பளம் வந்த அன்றைக்கே சிப் காசை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். யாருக்காவது கொடுக்க வேண்டியது இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

"என்னா மாப்ள இது?"

"சிப்புக்கு மாமா."

"என்கிட்ட குடுத்தா சாயங்காலத்துக்குள்ள எங்கயாச்சும் கொண்டு போயி வச்சிருவேன். அப்பறம் எனக்கே தெரியாது. ஒங்க வீட்லயே இருக்கட்டும்."

அப்பா போய்க் கொடுத்தார். வாங்கவில்லை. தங்கச்சி போனாள். அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். வேலையிலிருந்து நின்று, கொழும்புப் பக்கம் வத்தளையில் இருக்கிற மகன் வீட்டுக்கு மாமா புறப்பட்ட அன்று, பஸ் வரைக்கும் கூடப் போய், பேசிக்கொண்டே சட்டைப் பைக்குள் காசைத் திணித்துவிட்டேன். பெரிய பாரம் இறங்கியது போல வீட்டுக்கு வந்தேன். போகிற வழியில் கடையில் வாங்கிய சாமான் பையைக் கொட்டினால் வெங்காயத்தோடு அந்தக் காசும் விழுந்தது. எப்போது வைத்தார் என்று தெரியவில்லை. மூட்டை அடுக்கிய கை.

போனில் கேட்டேன். "எதுக்கு மாமா இப்பிடிப் பண்றீங்க? எனக்குத் தூக்கம் வர்றதில்ல."

"வரவேண்டிய காசு இருக்குன்னா அந்த வீட்டுக்கு ஒரு நாளு வரலாம்ல மாப்ள. அதையும் வாங்கிட்டா நான் என்னான்னு சொல்லிக்கிட்டு பஸ் ஏறுறது?"

மாமா இன்னும் வரவில்லை. சிப் ஒன்று ஆயிரத்து எழுநூறு. மூன்றுக்கும் சேர்த்து நாங்கள் அவருக்குக் கொடுக்க வேண்டியது ஐயாயிரத்து நூறு ரூபாய்.